நாற்பத்து மூன்றாம் அளவு

செலரித் தண்டை முறித்தால் எலும்பு.
தோல்பையில் சோளமாவை நிரப்பி
அமுக்கி அமுக்கி எடுத்தால்
பனியில் ஒருவன் நடந்து போவான்.
வூச் நகரத்து ஸ்டூடியோவின் நிலவறையில்
இருபத்தாறு வருடம்
படங்களுக்குச் சத்தம் செய்தாள் அம்மா.
அவள் கழுத்தை நெரித்தவர்கள் எத்தனை பேர் என்று
அவளுக்கே கணக்கில்லை.

கடைசியாக வந்தது ஒரு பேய்ப்படம்.
புருஷன் செத்த வீட்டில்
ஓடு பதித்த கணப்பு அடுப்பின் சாம்பல் கதவைத் திறந்து
ஒருத்தி உள்ளே வாய் வைத்துக் கேட்கிறாள்:
"அவர் காலடிச் சத்தம் மறுபடி கேட்டால் போதும்."

போதும் என்று சொல்லியிருக்கக் கூடாது.
அடுப்பு சொல் சுத்தமுள்ளது.
காலடி மட்டும் தந்தது.
முகம் கிடையாது, இருமல் கிடையாது,
கோட்டைக் கழற்றி மாட்டும் கை கிடையாது.
வாசலிலிருந்து கட்டில் வரை விடிய விடிய நடை,
வந்து சேராத நடை.
இடைவேளைக்குப் பிறகு அது கூரையில் நடக்கிறது.
பிறகு அவள் வயிற்றின் மேல்.

இயக்குநர் ஓல்கெர்ட் சின்னப் பையன்.
"ஷூ சத்தம் வேண்டாம், பானி போகுமிவா,
எனக்கு ஒரு ஆள் வேண்டும்" என்றானாம்.
மறுநாள் அம்மா வீட்டிலிருந்து
ஒரு அட்டைப்பெட்டி கொண்டுபோனாள்.
டிராம் டிப்போ ஷூ. அடியில் லாடம்.
இடது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்தது.
அம்மா கால் முப்பத்தேழு.
இரண்டு கம்பளிக் காலுறை போட்டு
மிச்ச இடத்தில் செய்தித்தாளைத் திணித்து
மைக்கின் முன் நடந்தாள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது.
கயெதானோடு இரவுக்காட்சிக்குப் போனேன்.
திரை இருண்டது. முதல் அடி விழுந்தது.
முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
என் விரல்கள் எண்ண ஆரம்பித்திருந்தன.

பதினாறு படி. திருப்பத்தில் ஒரு மூச்சு.
சாவி இரண்டு முறை தவறும்.
வேகமாக வந்தால் விளக்கை அணை.
இழுத்து இழுத்து வந்தால் போர்வைக்குள் போ.
நின்று நின்று வந்தால்
அம்மாவைப் பார்க்காதே.

முப்பத்து நான்கு வயதில்
இருக்கைக்கு அடியில் கால்களை மடக்கிக்கொண்டேன்.
"வெறும் சத்தம்தானே" என்றான் கயெதான்.

எட்டு வயதில் நானும் ஒன்று கேட்டிருக்கிறேன்.
அடுப்பிடம் இல்லை.
டிராம் ஜன்னலில் உறைந்திருந்த பனியில்
ஒரு காசைச் சூடாக்கி, அழுத்தி,
அந்த ஓட்டை வழியாகத் தெருவிடம்:
அந்தச் சத்தம் நிற்கட்டும்.
சத்தம் என்றுதான் கேட்டேன்.
அப்பா என்று கேட்கவில்லை.

பிப்ரவரியில் நின்றது.
டிப்போவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்,
நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
செய்தித்தாளில் சுற்றி
ஷூவை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
படியில் அவர்கள் இறங்கியதுகூடக் கேட்கவில்லை.

படம் முடியுமுன் எழுந்து
நேரே அம்மா வீட்டுக்குப் போனேன்.
பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தாள்,
மணிக்கட்டு வரை சிவப்பு.
ஏன் வைத்திருந்தாய், எரித்திருக்கலாமே,
என்னிடம் சொல்லியிருக்கலாமே
என்று கேட்க வந்தவளை
அவள் முந்திக்கொண்டாள்:
"இடது கால் சரியாக வந்ததா?"

தொழில்காரி கேட்கிற கேள்வி.
நானும் அப்படியே பதில் சொன்னேன்.
"வந்தது. வேகம்தான் கொஞ்சம் குறைவு."

கத்தியைக் கீழே வைத்தாள்.
"குறைவாகத்தான் இருக்கும்.
அது ஞாயிற்றுக்கிழமை நடை.
கசகசாக் கேக் வாங்கிக்கொண்டு,
பொட்டலம் நசுங்காமல்,
ஒவ்வொரு படியாக ஏறி வருவாரே.
அதைத் தேடித்தான் நாலு நாள் நடந்தேன்.
உனக்குத் தெரியவில்லையா?"

தெரியவில்லை.

அம்மா எழுந்து அடுப்பங்கரைக் குழாய்க்குப் போனாள்.
நான் காது கொடுத்துக் கேட்டேன்.
அவள் நடையில் சத்தமே இல்லை.